‘ஆஃப்டர்’ வந்தால் சிம்பிளா, காம்ப்ளெக்ஸா? இணைப்புச் சொல்லை விட்டு வினையைப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் படிப்பவர்களுக்கும் உதவும். சேரன்மகாதேவியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. ஆங்கில வாக்கியம் சிம்பிளா (தனி வாக்கியம்), காம்பௌண்டா (தொடர் வாக்கியம்), காம்ப்ளெக்ஸா (கலவை வாக்கியம்) என்று கண்டுபிடிக்க டியூஷனில் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘பிகாஸ் ஆஃப்’, ‘ஆஃப்டர்’ வந்தால் சிம்பிள் வாக்கியம். ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’ வந்தால் காம்பௌண்ட். ‘தோ’, ‘பிகாஸ்’, ‘வென்’ வந்தால் காம்ப்ளெக்ஸ். பிள்ளை அதை ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் தேர்வில் தப்பு வந்துகொண்டே இருக்கிறது. ‘ஆஃப்டர்’ வந்த ஒரு வாக்கியத்தைச் சிம்பிள் என்று திருத்துகிறார்கள், இன்னொன்றைக் காம்ப்ளெக்ஸ் என்கிறார்கள். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்த தாய்க்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றும் தெரியவில்லை. கூடவே, ‘பிகாஸ்’ என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று ஒரு டீச்சர் சொன்னாராம், அது சரியா என்பது கடைசிக் கேள்வி.

பார்த்தால் ‘ஆஃப்டர்’ பற்றிய சந்தேகம் போலத்தான் இருக்கிறது. உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது அதைவிட அடிப்படையான ஒன்று: வாக்கியத்தின் வகையை எதை வைத்து முடிவு செய்வது? அட்டவணை இணைப்புச் சொல்லை வைத்து முடிவு செய்யச் சொல்கிறது. தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கம் பல வருடங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்த அட்டவணையின் ஏதாவது ஒரு வடிவத்தை நோட்டில் ஒட்டி வைக்காத பத்தாம் வகுப்புப் பிள்ளையை நான் பார்த்தது அபூர்வம். உதாரண வாக்கியங்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாள்.

ஆங்கில இலக்கணத்தில் கிளாஸ் (வகுப்பு அல்ல, வாக்கியத்துக்குள் அமையும் தொடர்) என்று சொல்வதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: ஓர் எழுவாய், அதற்கு உரிய ஒரு முற்று வினை. இந்த முற்று வினையைத்தான் ஃபைனைட் வெர்ப் என்கிறார்கள். காலத்தைத் தாங்கி நிற்கும் வினை அது. வினை போலத் தெரிந்தாலும் காலத்தைத் தாங்காத சொற்கள் உண்டு. ‘டு கோ’, ‘கோயிங்’, ‘கான்’ போன்றவை தனியாக நின்றால் கிளாஸ் ஆகாது. அவை இருக்கும் சொற்கூட்டத்துக்குப் பள்ளி இலக்கணத்தில் ஃபிரேஸ் என்று பெயர். முற்று வினையைக் கண்டுபிடிக்க நான் வகுப்பில் வைத்திருந்த சோதனை ஒன்று: வாக்கியத்தை இன்றைக்கு நடப்பதாகச் சொல்லியிருந்தால் நேற்றைக்கு மாற்று. எந்தச் சொல் மாறுகிறதோ அதுதான் முற்று வினை.

செய்து பார்க்கலாம். ‘எவ்ரி இயர் மை கிராண்ட்மதர் கோஸ் டு டவுன் டு சீ தி கார் ஃபெஸ்டிவல்.’ ஆனித் தேர் பார்க்கப் பாட்டி வருடா வருடம் திருநெல்வேலி டவுனுக்குப் போகிறாள். இதைப் போன வருடத்துக்கு மாற்றுங்கள்: ‘லாஸ்ட் இயர் மை கிராண்ட்மதர் வென்ட் டு டவுன் டு சீ தி கார் ஃபெஸ்டிவல்.’ ‘கோஸ்’ என்பது ‘வென்ட்’ ஆகிவிட்டது. ‘டு சீ’ அசையவில்லை. ஆக முற்று வினை ஒன்றுதான், வாக்கியம் சிம்பிள். இப்போது இன்னொன்று: ‘எவ்ரி இயர் மை கிராண்ட்மதர் கோஸ் டு டவுன் பிகாஸ் ஷி லவ்ஸ் தி கார் ஃபெஸ்டிவல்.’ போன வருடத்துக்கு மாற்றினால் ‘வென்ட்’, ‘லவ்ட்’ என்று இரண்டு இடத்தில் மாறுகிறது. இரண்டு முற்று வினை, இரண்டு கிளாஸ். பிள்ளை இந்த ஒரு காரியத்தைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சோதனைக்கு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’ போன்ற வினைகள் இறந்தகாலத்திலும் உருவம் மாறாதவை. அங்கே எழுவாயை ‘ஹி’ என்று வைத்து ‘ஹி கட்ஸ்’ என்று வருகிறதா என்று பார்க்கலாம். ‘மஸ்ட்’, ‘கேன்’, ‘வில்’, ‘ஷுட்’ போன்ற துணைவினைகள் வந்தால் யோசிக்கவே வேண்டாம், அவை எப்போதும் முற்று வினையின் பகுதிதான். ‘ஷி இஸ் கோயிங்’ என்பதில் ‘இஸ்’ என்பது ‘வாஸ்’ ஆகும். எனவே ‘இஸ் கோயிங்’ இரண்டும் சேர்ந்து ஒரே முற்று வினை. கட்டளை வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாது. ‘ரன், ஆர் யூ வில் மிஸ் தி பஸ்’ என்பதில் ‘ரன்’ என்பதற்குள் ‘யூ’ மறைந்திருக்கிறது, ஆகவே அதுவும் ஒரு கிளாஸ்தான். கூற்று, கேள்வி, கட்டளை, வியப்பு என்று பிரிப்பது வேறு கணக்கு. அது வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. சிம்பிள், காம்பௌண்ட், காம்ப்ளெக்ஸ் என்பது வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியது. கேள்வியும் காம்ப்ளெக்ஸாக இருக்கலாம், கட்டளையும் காம்பௌண்டாக இருக்கலாம். இரண்டையும் பிள்ளை குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கை தெரிந்துவிட்டால் முதல் தீர்ப்பு சுலபம். முற்று வினையோடு கூடிய கிளாஸ் ஒன்றே ஒன்று என்றால் சிம்பிள். நீளம் கணக்கில் இல்லை. ‘ஆஃப்டர் தி ஹெவி ரெயின் ஆஃப் லாஸ்ட் வீக், தி ஃபார்மர்ஸ் ஆஃப் அம்பாசமுத்திரம் அண்ட் கல்லிடைக்குறிச்சி வென்ட் டு தேர் ஃபீல்ட்ஸ் வித் தேர் ஸ்பேட்ஸ் டு ரிப்பேர் தி பண்ட்ஸ்.’ எவ்வளவு நீளம்! அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி விவசாயிகள் மண்வெட்டியோடு வரப்பு கட்டப் போனார்கள். உள்ளே ‘ஆஃப்டர்’ இருக்கிறது, ‘அண்ட்’ இருக்கிறது. ஆனாலும் முற்று வினை ‘வென்ட்’ மட்டும்தான். சிம்பிள். அதில் உள்ள ‘அண்ட்’ இரண்டு ஊர்ப் பெயர்களைத்தான் இணைக்கிறது, இரண்டு கிளாஸை அல்ல. இதற்கு நேர் எதிராக ‘ஐ நோ ஹி லெஃப்ட்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நான்கே சொல், இணைப்புச் சொல்லே கண்ணில் படவில்லை. ஆனால் ‘நோ’, ‘லெஃப்ட்’ என்று இரண்டு முற்று வினை இருப்பதால் இது காம்ப்ளெக்ஸ். இடையில் இருக்க வேண்டிய ‘தட்’ விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அட்டவணையை நம்பிப் போகும் பிள்ளை முதலாவதில் ‘ஆஃப்டர்’, ‘அண்ட்’ இரண்டையும் பார்த்துத் தடுமாறும், இரண்டாவதைத் தப்பாகத்தான் எழுதும்.

இனி ‘ஆஃப்டர்’. ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘சின்ஸ்’, ‘அன்டில்’ ஆகியவை இரண்டு வேலை பார்க்கும் சொற்கள். பின்னால் வெறும் பெயர் வந்தால் அவை பிரெபொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் நிற்கும் சொல். பின்னால் எழுவாயும் முற்று வினையும் வந்தால் கன்ஜங்ஷன், அதாவது கிளாஸை இணைக்கும் சொல். உங்களுக்கு இது தமிழில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். ‘மழைக்குப் பிறகு கிளம்பினோம்’ என்கிறோம், ‘மழை நின்ற பிறகு கிளம்பினோம்’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் ‘மழை’ என்ற பெயர் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் மழை என்ன செய்தது என்பதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஆஃப்டர் தி ரெயின், வி லெஃப்ட்’, சிம்பிள். இரண்டாவது ‘ஆஃப்டர் தி ரெயின் ஸ்டாப்ட், வி லெஃப்ட்’, காம்ப்ளெக்ஸ். இதே மாதிரி ‘மழையால் தாமதம்’ என்றால் ‘பிகாஸ் ஆஃப் தி ரெயின்’, ‘மழை பெய்ததால் தாமதம்’ என்றால் ‘பிகாஸ் இட் ரெயின்ட்’. மகளிடம் தமிழில் சொல்லிக் காட்டி, பெயர் மட்டும் இருக்கிறதா, செயலும் இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தது இங்கே உங்களுக்குப் பலம்.

ஆனால் ஓரிடத்தில் தமிழ் வழிகாட்டாது. ‘வேலையை முடித்த பிறகு வந்தாள்’ என்ற ஒரே தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர் ஷி ஃபினிஷ்ட் ஹெர் ஒர்க், ஷி கேம்’ என்றும் சொல்லலாம், ‘ஆஃப்டர் ஃபினிஷிங் ஹெர் ஒர்க், ஷி கேம்’ என்றும் சொல்லலாம். முன்னது காம்ப்ளெக்ஸ். பின்னதில் ‘ஃபினிஷிங்’ காலம் காட்டாது, எழுவாயும் இல்லை, ஆகவே பள்ளிக் கணக்கில் சிம்பிள். இங்கே தமிழை விட்டுவிட்டு, நேற்று-இன்று சோதனைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கிளாஸ் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் அடுத்த கேள்வி வருகிறது: காம்பௌண்டா, காம்ப்ளெக்ஸா? இரண்டும் சமமாக நின்றால் காம்பௌண்ட். ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ். ‘சமம்’, ‘சார்பு’ என்று சொன்னால் பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், புரிந்திருக்காது. அதனால் இடம் மாற்றிப் பார்க்கச் சொல்வேன். ‘ஹி வென்ட் டு ஸ்கூல் தோ ஹி வாஸ் இல்’ என்பதில் ‘தோ ஹி வாஸ் இல்’ என்ற துண்டை அப்படியே தூக்கி முன்னால் வைக்கலாம்: ‘தோ ஹி வாஸ் இல், ஹி வென்ட் டு ஸ்கூல்.’ பொருள் கெடவில்லை. ‘ஹி வாஸ் இல், பட் ஹி வென்ட் டு ஸ்கூல்’ என்பதில் ‘பட் ஹி வென்ட் டு ஸ்கூல்’ என்பதைத் தூக்கி முன்னால் வைத்தால் வாக்கியம் உடைந்துவிடுகிறது. இணைப்புச் சொல்லோடு சேர்ந்து முன்னால் போகக்கூடிய துண்டு சார்பு கிளாஸ். போகாதது சம கிளாஸ். வினையடை போல வரும் கிளாஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இது நம்பகமான சோதனை. பெயரைத் தழுவி வருகிறவற்றுக்கு இது உதவாது, அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்றையே மூன்று விதமாகக் கட்டிக் காட்டுகிறேன். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தார்கள், பிசான நெல் சாகுபடிக்கு விவசாயிகள் வேலையைத் தொடங்கினார்கள். காம்பௌண்ட்: ‘தே ரிலீஸ்ட் வாட்டர் ஃப்ரம் தி டாம், ஸோ தி ஃபார்மர்ஸ் பிகேன் தேர் ஒர்க்.’ காம்ப்ளெக்ஸ்: ‘ஆஸ் தே ரிலீஸ்ட் வாட்டர் ஃப்ரம் தி டாம், தி ஃபார்மர்ஸ் பிகேன் தேர் ஒர்க்.’ சிம்பிள்: ‘பிகாஸ் ஆஃப் தி ரிலீஸ் ஆஃப் வாட்டர் ஃப்ரம் தி டாம், தி ஃபார்மர்ஸ் பிகேன் தேர் ஒர்க்.’ மூன்றாவதில் ‘ரிலீஸ்ட்’ என்ற வினை ‘ரிலீஸ்’ என்ற பெயராகிவிட்டதைக் கவனியுங்கள். மாற்று என்று தேர்வில் கேட்பது இதைத்தான்: ஒரு கிளாஸின் முற்று வினையைப் பெயராகவோ ‘இங்’ வடிவமாகவோ ‘டு’ வடிவமாகவோ ஆக்கிவிட்டால் அது ஃபிரேஸாகச் சுருங்கிவிடும். ‘ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்’ என்பது ‘ஹி இஸ் டூ வீக் டு வாக்’ ஆவதும் இதே வழிதான். ‘கேனாட் வாக்’ போய் ‘டு வாக்’ வந்துவிட்டது. அட்டவணை ‘ஸோ தட்’ இருந்தால் ‘டூ டு’ போடு என்று மட்டும் சொல்கிறது. ஏன் என்று தெரிந்த பிள்ளை ‘கேனாட்’ என்பதை மறக்காமல் எடுத்துவிடும். தெரியாத பிள்ளை ‘ஹி இஸ் டூ வீக் டு கேனாட் வாக்’ என்று எழுதி வைக்கும். அப்படி எழுதிய தாள்களை நிறையவே திருத்தியிருக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு தகராறு செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன், பிள்ளையின் புத்தியில் குறை இல்லை என்பது அப்போதுதான் விளங்கும். தமிழில் ‘ஜங்ஷனில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி, நெல்லையப்பரைக் கும்பிட்டு, அல்வா வாங்கி, வீட்டுக்கு வந்தேன்’ என்று ஒரு மூச்சில் சொல்கிறோம். செயல் ஐந்து, முற்று ஒன்று. மற்ற நான்கும் வினையெச்சம். இணைப்புச் சொல் என்று ஒன்றுமே இல்லை. திசையன்விளைப் பக்கத்து இடையன்குடியில் நெடுங்காலம் இருந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளுக்குத் தனிப்பட்ட இயல்புகள் என்று சிலவற்றைக் குறித்தார். இணைப்புச் சொற்களைவிட வினையெச்சங்களை விரும்புவதும், ‘ஹூ’, ‘விச்’ போன்ற சொற்கள் இல்லாமல் பெயரெச்சத்தாலேயே அந்த வேலையை முடித்துக்கொள்வதும் அவற்றில் உண்டு. இந்த மண்ணில் காதால் கேட்டுப் பழகிய தமிழை ஐரோப்பிய மொழிகளோடு வைத்துப் பார்த்தவர் என்பதால் அவர் கண்ணில் இது உடனே பட்டிருக்கும். நம் பிள்ளைகள் அதே வித்தியாசத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்திக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் ‘அண்ட்’, ‘அண்ட்’ என்று வரிசையாக வரும்: ‘ஐ காட் இன்டு தி பஸ் அண்ட் காட் டவுன் அட் டவுன் அண்ட் வர்ஷிப்ட் அண்ட் பாட் அல்வா அண்ட் கேம் ஹோம்.’ இலக்கணப்படி இதைப் பிழை என்று சொல்ல முடியாது, படிக்கத்தான் நன்றாக இல்லை. ‘ஆஃப்டர் வர்ஷிப்பிங் அட் தி டெம்பிள், ஐ பாட் சம் அல்வா அண்ட் கேம் ஹோம்’ என்றால் போதும். பஸ் ஏறியதை எல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று அவசியமில்லை.

வினையெச்சத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ‘செய்து’ என்ற வாய்பாட்டு எச்சத்துக்கும் முடிக்கும் வினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியத்திலிருந்தே வரும் விதி. ‘கதவைத் திறந்து உள்ளே போனாள்’ என்றால் திறந்தவளும் போனவளும் ஒருத்தி. பூனை வெளியே ஓடியதைச் சொல்ல வேண்டுமென்றால் ‘கதவைத் திறந்து பூனை ஓடியது’ என்று சொல்ல மாட்டோம். ‘கதவைத் திறக்க, பூனை ஓடியது’ அல்லது ‘திறந்ததும்’ என்போம். ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘இங்’ ஃபிரேஸும் ஏறக்குறைய ‘செய்து’ மாதிரிதான். ‘ஓப்பனிங் தி டோர், ஷி சா எ கேட்’ சரி. ‘ஓப்பனிங் தி டோர், எ கேட் ரான் அவுட்’ என்றால் பூனையே கதவைத் திறந்ததாக ஆகிவிடும். சரியாகச் சொல்ல ‘வென் ஷி ஓப்பன்ட் தி டோர், எ கேட் ரான் அவுட்’ என்று முழு கிளாஸாக்க வேண்டும். காம்ப்ளெக்ஸைச் சிம்பிளாக மாற்றும்போது பிள்ளைகள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். இரண்டு கிளாஸுக்கும் எழுவாய் ஒன்றா என்று பார்த்த பிறகே ‘இங்’ போட வேண்டும்.

பெயரெச்சத்துக்கு வருவோம். ‘குற்றாலத்தில் நாங்கள் குளித்த அருவி’ என்று தமிழில் விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வந்துவிடும்: ‘தி ஃபால்ஸ் வேர் வி பேத்ட்’. இதில் ‘வேர் வி பேத்ட்’ என்பது ‘ஃபால்ஸ்’ என்ற பெயரைத் தழுவி நிற்கும் கிளாஸ். இதை வாக்கியத்தின் முன்னால் தூக்கிப் போட முடியாது, ஆனாலும் இது சார்பு கிளாஸ்தான், வாக்கியம் காம்ப்ளெக்ஸ்தான். இங்கே பிள்ளைகள் வழக்கமாக ஒரு சொல்லை அதிகமாகப் போடுவார்கள்: ‘தி பென் விச் ஐ லாஸ்ட் இட்’. ‘விச்’ வந்த பிறகு ‘இட்’ வேண்டாம். ‘விச்’ என்பதே அந்தப் பேனாதான்.

ஒரே இணைப்புச் சொல் மூன்று வேலை பார்ப்பதற்கும் ‘வேர்’ நல்ல உதாரணம். ‘தி ஹவுஸ் வேர் ஹி லிவ்ஸ்’ என்பதில் அது பெயரைத் தழுவுகிறது. ‘ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்’ என்பதில் முழு கிளாஸும் ‘நோ’ என்பதற்குச் செயப்படுபொருளாக நிற்கிறது. ‘ஸ்டே வேர் யூ ஆர்’ என்பதில் எங்கே என்பதற்கு விடையாக, வினையடையாக நிற்கிறது. ஆகையால் ‘வேர் வந்தால் அட்ஜெக்டிவ் கிளாஸ்’ (பெயரைத் தழுவும் கிளாஸ்) என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம். இரண்டாவது வாக்கியத்தில் சொல் வரிசையையும் பாருங்கள். ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்று நம்மூரில் பெரியவர்களும் சொல்கிறார்கள். கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய்விட்டால் கேள்வி வரிசை போய்விடும்: ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.’

இணைப்புச் சொல் பற்றி இன்னும் சில விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிளாஸுக்கு இடையில் ஓர் இணைப்பு போதும். ‘தோ’ போட்டால் ‘பட்’ வேண்டாம், ‘பிகாஸ்’ போட்டால் ‘ஸோ’ வேண்டாம். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ உண்டு, ‘டெஸ்பைட் ஆஃப்’ கிடையாது, ‘டெஸ்பைட்’ மட்டும்தான். ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ ஆகியவை பொருளில் ‘பட்’, ‘ஸோ’ போல இருந்தாலும் இலக்கணத்தில் வினையடைகள். அவற்றை வெறும் காற்புள்ளியோடு நடுவில் செருகி இரண்டு கிளாஸை ஒட்டக் கூடாது. முன்னால் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை எல்லாரும் ஒப்புக்கொள்கிறவை. இனிச் சொல்கிறவற்றில் இலக்கணக்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ‘ஷி பாட் அல்வா அண்ட் வென்ட் ஹோம்’ என்பதில் எழுவாய் ஒன்று, முற்று வினை இரண்டு. நம் பள்ளி மரபில் இதைக் காம்பௌண்ட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது ‘ஷி’ மறைந்திருப்பதாகக் கணக்கு. அமெரிக்கப் பள்ளி நூல்கள் பலவற்றில் இது பயனிலை இரட்டித்த சிம்பிள் வாக்கியம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தேர்வுக்கு நம் பாடநூல் வழியைப் பின்பற்றுங்கள், இணையத்தில் வேறு விடை கண்டால் பிள்ளை பயப்பட வேண்டாம். இரண்டாவது, ‘ஃபினிஷிங் ஹெர் ஒர்க்’ போன்றவற்றை நான் ஃபிரேஸ் என்றேன். இன்றைய மொழியியல் நூல்கள் பலவும் அதை முற்றில்லாத கிளாஸ் என்றே அழைக்கின்றன. கல்லூரிக்குப் போன பிறகு அவள் அதைப் படிக்கலாம், பத்தாம் வகுப்பில் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்றாவது, சம இணைப்புச் சொற்கள் ‘ஃபார்’, ‘அண்ட்’, ‘நார்’, ‘பட்’, ‘ஆர்’, ‘யெட்’, ‘ஸோ’ என ஏழு என்று பட்டியல் போடுவார்கள். இதில் ‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’ மூன்றும் உறுதி. ‘ஃபார்’, ‘ஸோ’ இரண்டும் எந்தப் பக்கம் என்று வாதம் இருக்கிறது. நான் பள்ளியில் அவற்றைச் சமம் என்றே நடத்தினேன். ஒரே வாக்கியத்தில் சம கிளாஸ் இரண்டும் சார்பு கிளாஸ் ஒன்றும் வந்தால் அதற்குக் காம்பௌண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று தனிப் பெயர் தருகிறவர்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட விடைத்தாளைத் திருத்துபவர் எதை ஏற்றுக்கொள்வார் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. மாற்றி எழுது என்ற கேள்வியில் பொருள் மாறாமல் கேட்ட வகையில் எழுதியிருந்தால், விடைக்குறிப்பில் உள்ள அதே சொற்கள் இல்லாவிட்டாலும் மதிப்பெண் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

வீட்டில் எப்படிப் பழக்குவது என்று கேட்டீர்கள். அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றுங்கள். வாக்கியத்தைப் பார்த்ததும் பென்சிலால் முதலில் முற்று வினைகளுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். அடுத்து ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று அம்புக்குறி. மூன்றாவதாகத்தான் இணைப்புச் சொல்லுக்கு வட்டம். அடிக்கோடு ஒன்று என்றால் வட்டத்தைப் பார்க்காமலே சிம்பிள். இரண்டு என்றால் இடம் மாற்றும் சோதனை, அது நடக்காவிட்டால் பெயரைத் தழுவுகிறதா, அல்லது ‘என்ன’ என்ற கேள்விக்கு விடையாக நிற்கிறதா என்று பார்ப்பது. அட்டவணையை மாற்றி எழுதும் கேள்விக்கு வைத்துக்கொள்ளலாம். ‘தோ’ என்பதற்கு ஈடாக ‘இன் ஸ்பைட் ஆஃப்’, ‘பட்’ என்று சொல் தேட அது உதவும். தினமும் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைத் தமிழில் சொல்லி, மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். கரண்ட் போனது, தம்பி படிப்பதை நிறுத்தினான். பஸ் வரவில்லை, அப்பா நடந்தே வந்தார். இந்த மாதிரி சின்ன விஷயம் போதும். நீங்கள் ஆங்கிலத்தைத் திருத்த வேண்டியதில்லை, அடிக்கோடு சரியா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடைசிக் கேள்வி. ‘பிகாஸ்’ என்று வாக்கியத்தைத் தாராளமாகத் தொடங்கலாம், பின்னால் முதன்மைக் கிளாஸ் வர வேண்டும், அவ்வளவுதான். ‘பிகாஸ் இட் ரெயின்ட், வி ஸ்டேட் அட் ஹோம்’ முழு வாக்கியம். ‘பிகாஸ் இட் ரெயின்ட்.’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் அது பாதி. ‘வை’ என்று கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லும்போது பாதியாகச் சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகலாம். அந்த டீச்சர் தடுத்தது இந்தப் பாதி வாக்கியத்தைத்தான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் முடிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் தொடங்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். உங்கள் மகள் முடிக்கத் தெரிந்தவள் என்றால் தொடங்கட்டும்.